பனிச்சரிவுக் கருவிகள்: குல்மார்க் போகிறவர்களின் கேள்விகள்

காஷ்மீரின் குல்மார்க்கில் கண்டோலா என்ற ரோப்காரின் இரண்டாம் கட்டம் அப்பர்வாட் மலையில் ஏறத்தாழ 3,980 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து கண்காணிப்பு எல்லைக்கு வெளியே சறுக்கப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தது இதே மலையில்தான்.

அண்ணா, கையில் காசு குறைவு. பனிச்சரிவில் ஊதி விரியும் ஏர்பேக் பை வாங்கவா, பீக்கன் வாங்கவா?

பீக்கன் (ரேடியோ சமிக்ஞை அனுப்பும், புதைந்தவரின் சமிக்ஞையைத் தேடும் கருவி), புரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி). இந்த மூன்றையும் ஒரே கருவியாக நினைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பீக்கன் சில மீட்டர் வரை கொண்டுபோகும், சரியான புள்ளியைப் புரோப் காட்டும், ஷவல்தான் ஆளை வெளியே எடுக்கும். சரிந்து நின்ற பனி கையால் தோண்ட முடியாதபடி இறுகிவிடும். ஸ்விட்சர்லாந்து விபத்துகளை வைத்து 2024-ல் வந்த ஆய்வின்படி, முழுதாகப் புதைந்து 10 நிமிடத்துக்குள் மீட்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்தார்கள். அதன் பிறகு வேகமாகக் குறைந்து, 30 நிமிடம் ஆகும்போது மூன்றில் ஒருவர்தான். அந்த 10 நிமிடத்தில் மீட்புக் குழு வந்து சேராது. கூட வந்தவர்கள்தான் தோண்டவேண்டும். அதனால் எல்லோரிடமும் மூன்றும் இருக்கவேண்டும்.

நண்பர் பழைய பீக்கன் ஒன்று தருகிறார். வேறு பிராண்டோடு சேருமா?

சேரும். எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகின்றன. ஆனால் மூன்று ஆன்டெனா இல்லையென்றால் வாங்காதீர்கள். ஆழத்தில் புதைந்த ஆளின் பக்கத்தில் வந்ததும் பழைய கருவிகள் தப்பான இடத்தில் சமிக்ஞையின் உச்சத்தைக் காட்டி நேரத்தைத் தின்றுவிடும். பேட்டரி அறையைத் திறந்து பச்சைத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் சொன்ன வகை பேட்டரியையே போடுங்கள், பெரும்பாலும் ஆல்கலைன்தான். ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம். எவ்வளவு மிச்சம் என்று கருவி தப்பாகக் காட்டும். அப்புறம், செல்போனைப் பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். தேடும்போது 50 சென்டிமீட்டர். சூடேற்றும் கையுறைக்கும் இதே விதிதான்.

பிளாஸ்டிக் ஷவல் எடை குறைவாக இருக்கிறதே, போதாதா?

போதாது. இறுகிய பனியில் பிளாஸ்டிக் தகடு வளையும், விரிசல் விடும். அலுமினியம்தான் வேண்டும், காம்பு நீள்வதாக இருக்கட்டும். கடையிலேயே தடித்த கையுறையோடு பிடித்துப் பாருங்கள். மீட்பில் அதிக நேரம் போவது தோண்டுவதில்தான். ஆள் கிடைத்ததும் புரோப்பை உருவாமல் அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் சற்றுத் தள்ளி நின்று உள்நோக்கித் தோண்டவேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் கீழே இருப்பவரை நீங்களே மிதிப்பீர்கள்.

புரோப் 240 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 280 இருந்தால் நிம்மதி. தரையில் பட்டால் விறைப்பாக நிற்கும், ஆள் மேல் பட்டால் மெத்தென்று லேசாக எதிர்த்துத் தள்ளும். பனியில் ஒரு முதுகுப்பையைப் புதைத்து இந்த வித்தியாசத்தைக் கை பழகிக்கொள்ளட்டும்.

அப்படியானால் ஏர்பேக் வீணா சார்?

வீணே இல்லை. காசு இருந்தால் நான்காவதாக வாங்குங்கள். பொரிகடலையும் சர்க்கரையும் உள்ள டப்பாவைக் குலுக்கினால் கடலை மேலே வருமே, ஓடும் பனியில் பெரிய உருவமும் அப்படித்தான் மேலே வரும். ஏர்பேக் உங்களைப் பெரிதாக்குகிறது. 2014-ல் வந்த ஆய்வில், பெரிய சரிவில் மாட்டியவர்களின் இறப்பு விகிதம், பை விரிந்தபோது 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. அதே ஆய்வில் ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை, பெரும்பாலும் கைப்பிடியை இழுக்காததால். மரத்திலோ பாறையிலோ மோதினால் அது காப்பாற்றாது. விமானத்தில் போவதானால் பையை ஊதவைக்கும் வாயு உருளைக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மின்விசிறியால் ஊதும் வகையில் அந்த உருளைத் தொல்லை இல்லை. அதன் பேட்டரி விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட்டில் ரெக்கோ, அதாவது மீட்புக் குழுவின் கருவி அனுப்பும் சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும் சிறு பட்டை, இருக்கிறது. அது போதாதா?

இருக்கட்டும். ஆனால் அது பீக்கனுக்கு மாற்று ஆகாது. மீட்புக் குழு அதற்கான கருவியோடு வந்தால்தான் பயன்.

கைடு வருகிறார். எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். புதைவது கைடாகவும் இருக்கலாம். கிளம்பும் முன் ஒவ்வொருவர் பீக்கனும் அனுப்புகிறதா, தேடுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் செய்தி அனுப்பும் கார்மின் சாட்டிலைட் கருவி கொண்டுவரலாமா?

இந்தியாவில் அனுமதியில்லாமல் கூடாது. விமான நிலையத்திலேயே வெளிநாட்டினர் பிடிபட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.