சர்வாதிகாரம் வந்தால் சட்டபீடம் என்ன செய்யும்?

கேள்வி: சர்வாதிகார ஆட்சி பல்கலைக்கழகத்தைக் கைப்பற்றினால், சட்டம் படிப்பிக்கிறவர்களாவது எதிர்த்து நிற்பார்களா?

பெரும்பாலும் நிற்கமாட்டார்கள். துவக்கு நீட்டத் தேவையில்லை, ஒரு படிவம் போதும். ஜேர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஒல்லாந்தில், 1940 ஒக்டோபரில், யூத வம்சமா இல்லையா என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்லி அரச ஊழியர் எல்லோருக்கும் படிவம் வந்தது. பேராசிரியர்களும் அரச ஊழியர்களே. அநேகமாக எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே அது பணிநீக்கப் பட்டியலாகிவிட்டது.

ஜேர்மனியில் இது முன்னரே நடந்தது. 1933 ஏப்ரல் 7ஆம் திகதிச் சட்டம், யூதரையும் அரசியல் எதிரிகளையும் அரச சேவையிலிருந்து களைந்தது. கொலோன் சட்டபீடாதிபதி ஹான்ஸ் கெல்சன் சில நாட்களில் இடைநிறுத்தப்பட்டார். பீடத்தில் அவருக்காக மனு எழுதினார்கள். அதே பீடத்துப் பேராசிரியர் கார்ல் ஷ்மிட் மட்டும் ஒப்பம் வைக்கவில்லை, மே 1இல் நாஸிக் கட்சியில் சேர்ந்தார். மனு பலிக்கவில்லை. அதன் ஓட்டை எனக்குத் தெரிவது இதுதான்: ஒருவருக்கு விலக்குக் கேட்டால், மற்றவர்களை நீக்கலாம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். வெறுமையான கதிரைகளுக்கு ஆள் பஞ்சமும் இருக்கவில்லை. கீல் சட்டபீடத்தை இளம் நாஸி ஆதரவாளர்களே நிரப்பினார்கள்.

ஹைடல்பேர்க்கில், நாஸிகளுக்கு முந்திய ஜேர்மன் குடியரசின் வைமார் அரசியலமைப்புக்கு விளக்கவுரை எழுதிய பேராசிரியர் கெர்ஹார்ட் அன்ஷுட்ஸ், அந்தச் சட்டம் வருமுன்பே, மார்ச் 31இல், உருவாகும் புதிய அரசியலமைப்போடு தன் மனம் ஒட்டாது என்று எழுதி ஓய்வு கேட்டார். நேர்மைதான், ஆனால் கதிரை கைமாறுவதை அது தடுக்காது.

ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் வேறு மாதிரி. எங்கள் இலங்கைச் சட்டத்தரணிகளுக்கு அந்த ஊர் புதிதல்ல; ரோமன்-டச்சுச் சட்ட வழக்குகளில் மேற்கோள் காட்டும் யொஹானஸ் வூட் படிப்பித்த இடம். அங்கே யூதரான குடியியற் சட்டப் பேராசிரியர் எட்வார்ட் மெய்யர்ஸ் நீக்கப்பட்டார். 1940 நவம்பர் 26, மெய்யர்ஸின் விரிவுரை நேரத்தில் பீடாதிபதி ருடொல்ஃப் கிளெவெரிங்கா மேடையேறி, நீக்கக் கடிதத்தைச் சொல் மாறாமல் வாசித்தார். ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை. மெய்யர்ஸின் ஆய்வுகளை விளக்கிவிட்டு, ஆக்கிரமித்தவர் நாட்டுச் சட்டத்தை மதிக்கவேண்டும் என்ற, போர் பற்றிய சர்வதேச ஹேக் விதியை எடுத்துக்காட்டினார். மாணவர்கள் உரையைத் தட்டச்சில் படியெடுத்துப் பரப்பி, வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

மறுநாள் கிளெவெரிங்கா கைது. அடுத்த கோடை வரை சிறை. பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. மெய்யர்ஸ் நாஸித் தடுப்பு முகாமிலிருந்து உயிரோடு திரும்பினார். ஒல்லாந்தின் புதிய குடியியற் சட்டக்கோவையை வரையும் பொறுப்பை 1947இல் அவரிடமே கொடுத்தார்கள்.