எனது ஏழு கேம்கள், ஏன் இந்த வரிசை: கேட்டவர்களுக்குப் பதில்

எல்லோரும் பட்டியலைத்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள். இதோ (கீழே ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்):

1. டெட்ரிஸ்
2. ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2
3. ஸெல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்
4. சூப்பர் மாரியோ பிரதர்ஸ்
5. ரிட்டர்ன் ஒஃப் தி ஓப்ரா டின்
6. செலெஸ்ட்
7. ஸ்டார்டியூ வேலி

பத்தாக்கியிருக்கலாம். ஆனால் எட்டாவதுக்கு நாலைந்து கேம்கள் ஒரே அளவில் போட்டி போடுகின்றன, அதனால் ஏழோடு நிறுத்தினேன். அளவுகோல் ஒன்றுதான். கதை, படம், பாட்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு நிமிடமும் கையும் மூளையும் செய்கிற வேலையை மட்டும் பார்ப்பேன். நூறாவது தடவையும் அந்த வேலை இனித்தால் கேம் மேலே போகும்.

வெள்ளவத்தை: அக்கா, டெட்ரிஸ் முதலாவதா? அது பஸ்ஸுக்குள்ள நேரம் போக்கிறதுக்கு விளையாடுறது எல்லோ?

பஸ்ஸில் பத்து நிமிடமும் விளையாடலாம், இருபது வருடமும் விளையாடலாம். அதனால்தான் முதலாவது. 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. 10 கட்ட அகலம், 20 கட்ட உயரம், நாலு நாலு சதுரம் சேர்ந்த ஏழு வடிவங்கள். அவ்வளவுதான் சாமான். ஆனால் ஒவ்வொரு கட்டையும் விழும்போது "இப்போது காப்பாற்றவா, பிறகு பெரிதாக எடுக்கவா" என்ற கேள்வி வருகிறது.

பழைய நின்டெண்டோ பதிப்பின் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். தொடக்க லெவலில் ஒரு வரிசை அழித்தால் 40, இரண்டுக்கு 100, மூன்றுக்கு 300, நாலை ஒன்றாக அழித்தால் 1200. நாலு வரிசையைத் தனித்தனியாக அழித்தால் கிடைப்பது 160 தான். ஏழரை மடங்கு வித்தியாசம். அதற்காக வலது ஓரத்தில் ஒரு நிரலைத் திறந்து வைத்து, நீளக் கட்டைக்குக் காத்திருக்கிறீர்கள். காத்திருக்கக் காத்திருக்க மேடு உயர்கிறது. ஆசையும் பயமும் ஒரே இடத்தில் மோதுகின்றன, வேறு எந்தக் கேமும் இவ்வளவு குறைந்த பொருளில் அதைச் செய்யவில்லை.

அடித்தளம் தெரியாமல் விளையாடுபவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: ஓட்டையை மூடுகிறார்கள். மேற்பரப்பைச் சமமாக வைத்திருங்கள். பக்கத்துப் பக்கத்து நிரல்களுக்கு இடையே மூன்று கட்டப் பள்ளம் விழுந்தால் அதை நிரப்ப நீளக் கட்டை ஒன்றால்தான் ஒழுங்காக முடியும். அப்படிப் பள்ளம் இரண்டு இருந்தால் ஆட்டம் உங்கள் கையில் இல்லை.

2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் அந்தப் பழைய பதிப்பை 157ஆம் லெவல் வரை கொண்டுபோய், அதற்கு மேல் ஓட முடியாமல் கேமையே உறைய வைத்தான். 29ஆம் லெவலோடு மனிதக் கை முடிந்துவிடும் என்று பல வருடம் நம்பியிருந்தார்கள்.

தெமட்டகொடை: எனக்கு நீளக் கட்டை வரவே வருகுதில்லை. கேம் ஏமாத்துதோ?

பழைய பதிப்பில் நீண்ட வறட்சி உண்மையிலேயே வரும். புதிய பதிப்புகள் ஏழு வடிவத்தையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து முடித்த பிறகே அடுத்த பையைத் திறக்கின்றன. அதனால் இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவில் ஆகக் கூடியது 12 கட்டைகள்தான் வரும். எண்ணிப் பாருங்கள். எண்ணப் பழகினால், எப்போது துணிந்து அடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை: ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2இல கம்பியூட்டர் எதிரி வந்து அடிச்சு முடிக்கேக்க நான் இன்னும் முதல் காலத்திலேயே நிக்கிறன். எங்க பிழை?

தம்பி, பிழை முதல் அரை நிமிடத்தில் தொடங்குகிறது. ஊரைக் கட்டி, காலத்துக்குக் காலம் முன்னேறி, படை திரட்டிப் போரிடுகிற கேம் இது. 2019இல் வந்த புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனை வைத்துச் சொல்கிறேன்.

தொடக்கத்தில் உங்களிடம் 3 கிராமத்தார், ஒரு குதிரை வேவுக்காரன், 200 உணவு, 200 மரம். நகர மையம் தாங்குவது 5 பேரை. அதாவது இன்னும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம் இருக்கிறது. ஒரு கிராமத்தாருக்கு 50 உணவு, 25 விநாடி. ஆட்டம் தொடங்கியதும் நாலு பேரை வரிசையில் போடுங்கள், உணவு அதற்குச் சரியாகக் காணும். அதே மூச்சில் இரண்டு வீட்டைக் கட்டத் தொடங்குங்கள். வீடு 25 மரம், 5 பேருக்கு இடம். வீடு பிந்தினால் நகர மையம் சும்மா நிற்கும். அது சும்மா நிற்கிற ஒவ்வொரு 25 விநாடியும் நீங்கள் இழந்த ஓர் ஆள்.

முதல் 6 பேரும் ஆட்டில், நகர மையத்துக்கு அடியிலேயே. ஆட்டை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டினால் இறைச்சி அழுகிக் குறையும். அடுத்த 4 பேர் மரத்துக்கு, காட்டோரமாக 100 மரத்தில் மரக்கூடாரம். அடுத்த ஆளைக் காட்டுப்பன்றிக்கு அனுப்புங்கள். ஆட்டில் 100 உணவு, பன்றியில் 340. அம்பு பட்டுப் பன்றி திரும்பியதும் அந்த ஆளை நகர மையத்துக்கு ஓட விடுங்கள். பன்றி துரத்தி வரும். அங்கே நிற்கிற மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள். ஆள் சாவது பெரும்பாலும், ஏற்கெனவே ஒரு பன்றியிடம் அடி வாங்கியவனையே இரண்டாவதுக்கும் அனுப்புவதால். ஆளை மாற்றுங்கள். பிறகு பெரிப் பழப் பற்றைக்கு 4 பேரும் ஓர் ஆலையும்.

500 உணவு சேர்ந்தால் அடுத்த காலம். பழகியவர்கள் 21, 22 பேரோடு அதற்கான பொத்தானை அழுத்துவார்கள், தொடங்குபவர்கள் 27 பேரோடு அழுத்தினாலும் நல்லது. முதல் காலக் கட்டடங்கள் இரண்டு இருக்க வேண்டும், வீடு அந்தக் கணக்கில் வராது. மரக்கூடாரமும் ஆலையும் போதும்.

இரண்டாமிடத்துக்கு இதுவே காரணம். 1999இல் வந்த கேம், இன்றைக்கும் முதல் ஐந்து நிமிடத்தைத் திருத்திக்கொண்டே போகலாம்.

அதே தம்பி: தமிழ் அரசு இருக்கெண்டு சொல்லுகினமே?

இருக்கிறது. 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஒஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர் என்ற பிரிவு சேர்ந்தது, ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் தனிக் கதைத் தொடராக உண்டு. உறுமி வாள்வீரனும் திரிசடைக் கப்பலும் இவர்களுக்கே உரியவை. காலம் மாறும் ஒவ்வொரு தடவையும் 200 மரம் சும்மா கிடைக்கும், அதைத் துறைமுகத்திலும் கப்பலிலும் போடுங்கள். கடல் வரைபடங்களில் பலம். திறந்த தரையில் கவனம், ஏனென்றால் நைட் எனப்படும் கவசக் குதிரைப்படை இவர்களுக்கு இல்லை. குதிரையால் வருகிற எதிரிக்கு ஈட்டிக்காரரை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி: சான் அன்ட்ரியாஸ் இல்லாத பட்டியல் ஒரு பட்டியலா, அக்கா?

உங்கள் கோபம் விளங்குகிறது. 2004இல் வந்த அந்த ஜீடிஏ கேமில் மூன்று நகரம், நடுவில் பாலைவனமும் மலையும், ஆளைச் சாப்பிட வைத்துக் கொழுக்க வைக்கலாம், ஜிம்முக்கு அனுப்பி மெலிய வைக்கலாம். உலகமாகப் பார்த்தால் எனக்கும் மிகப் பிடிக்கும். ஆனால் மிஷன் தொடங்கியதும் அந்தச் சுதந்திரம் முடிந்துபோகிறது. அவர்கள் நினைத்த வழியை விட்டு விலகினால் தோல்வி. ஊர் பெரிது, கை செய்கிற வேலை சிறிது. என் அளவுகோலில் அங்கேதான் இறங்குகிறது.

இரண்டு உதவி. கம்பியூட்டரில் விளையாடினால், விநாடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) என்பதைக் கட்டுப்படுத்துகிற ஃப்ரேம் லிமிட்டரை ஓனிலேயே வையுங்கள். ஓஃப் செய்தால் படம் வழுவழுப்பாக இருக்கும், ஆனால் கேமின் இயக்கக் கணக்கு குழம்பி நீந்தும் வேகம்கூடக் குறையும். மற்றது, மோட்டார்சைக்கிளில் ரயிலைத் துரத்துகிற அந்த மிஷன்: ரயிலோடு ஒட்டி ஓட்டாதீர்கள். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் சமமாக ஓட்டினால்தான் பின்சீட்டில் இருக்கிற கூட்டாளி பிக் ஸ்மோக்குக்கு, ரயிலின் மேலே நிற்பவர்களைச் சுடக் கோணம் கிடைக்கும்.

தெஹிவளை: பிரெத் ஒஃப் த வைல்டில ஆயுதம் உடைஞ்சுகொண்டே இருக்கு. இதை எப்படி மூன்றாவதா வச்சனீங்கள்?

ஆயுதம் உடையாவிட்டால் முதல் நல்ல வாளோடு கேம் முழுவதையும் முடித்துவிடுவீர்கள். உடைவதால்தான் சுற்றுமுற்றும் பார்க்கிறீர்கள். புல்லுக்குத் தீ வைத்தால் சூட்டுக் காற்று மேலெழும், கிளைடரை விரித்து அதில் ஏறி வானத்திலிருந்து அம்பு விடலாம். இடிமழையில் உலோகம் தரித்திருந்தால் மின்னல் உங்கள் மேல் விழும். அதே உலோக வாளை எதிரிக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டு விலகினால் மின்னல் அவர்கள் மேல் விழும். இவ்விதிகளை எங்கேயும் ஒரே மாதிரி நடக்க வைத்ததுதான் 2017இல் வந்த இந்தக் கேமின் சாதனை.

நடைமுறைக்கு: உடையப்போகும் ஆயுதத்தைக் கடைசி அடிக்கு எறியுங்கள், எறிந்து உடைந்தால் சேதம் அதிகம். மழையில் மலை ஏறாதீர்கள், சில அடிக்கு ஒரு தடவை வழுக்கும். மழை படாத இடத்தில் நெருப்பு மூட்டி மழை விடும்வரை இருங்கள். உயிர் போதவில்லை என்றால் ஃபாரோன் கோபுரத்துக்குப் பக்கத்து மேட்டில் டூரியன் பழம் இருக்கிறது. ஒன்றைச் சமைத்தாலே முழு உயிரும், மேலதிகமாக 4 இதயமும் வரும். ஐந்தையும் ஒன்றாகச் சமைத்தால் மேலதிகம் 20.

கல்கிசை, ஓர் அம்மா: பிள்ளை, மகள் ஸ்டார்டியூ வேலி போட்டுத் தந்தவ. பயிரெல்லாம் ஒரே நாளில செத்துப் போச்சு. என்ன செய்தனான்?

அம்மா, நீங்கள் தண்ணீர் விட்டதில் பிழை இருக்காது. ஒவ்வொரு பருவமும் 28 நாள். அடுத்த பருவத்தின் முதல் நாள் காலையில், அந்தப் பருவத்துக்குப் பொருந்தாத பயிர் எல்லாம் பட்டுப்போகும். எனவே நடுமுன் கணக்குப் பாருங்கள். எட்டு நாள் பயிரை 22ஆம் நாள் நட்டால் அறுவடையே இல்லை.

வசந்தத்தில் இப்படிச் செய்யுங்கள். கையில் தருகிற 15 பார்ஸ்னிப் விதையை முதல் நாளே நடுங்கள், 4 நாளில் வரும். 13ஆம் நாள் முட்டைத் திருவிழா. அங்கே ஸ்ட்ரோபெரி விதை 100 காசு. அதற்குக் காசு சேர்த்து வையுங்கள். அன்றிரவே வீட்டுக்கு வந்து நட்டால் 21இலும் 25இலும் இரண்டு தடவை பறிக்கலாம். கடைக்காரர் பியேர் புதன்கிழமை பூட்டிவிடுவார், விதையைச் செவ்வாய்க்கு முன்னமே வாங்கி வையுங்கள். பூவாளியைத் திருத்தக் கொல்லனிடம் கொடுத்தால் இரண்டு நாள் கையில் இருக்காது, அதனால் டிவியில் நாளைக்கு மழை என்று சொல்கிற நாளில் கொடுங்கள்.

இந்தக் கேமை எரிக் பரோன் என்ற ஒருவரே, பாட்டு முதல் படம் வரை, தனியாகச் செய்து 2016இல் வெளியிட்டார். அந்த ஒருமை விளையாடும்போது தெரியும்.

நாரஹேன்பிட்டி: செலெஸ்டில அசிஸ்ட் மோட் போட்டால் ஏமாத்தின மாதிரியா?

இல்லை. மலையேறுகிற இந்தக் கடினமான கேமை அவரவருக்கு ஏற்ப எளிதாக்க, செய்தவர்களே வைத்த வசதி அது. முதலில் வேகத்தை மட்டும் 80 வீதமாகக் குறையுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். கை பழகியதும் 90, பிறகு 100. சுவரில் பிடித்தபடி மேல்நோக்கிக் குதித்தால் நாலு தடவையில் பலம் தீர்ந்துவிடும், ஏறுவதற்கு அதைச் சேமியுங்கள். விளிம்பைத் தாண்டிய பிறகும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் குதிக்கக் கேம் அனுமதிக்கிறது. விழுவதற்குப் பயந்து முன்கூட்டியே குதிப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

பொரளை: ஓப்ரா டின் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

சொன்னால் கெட்டுவிடும். ஒரு கப்பல், 60 பேர், ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார் என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரைச் சரியாக எழுதினால்தான் கேம் உறுதிப்படுத்தும், அதனால் ஊகித்து எழுதிப் பிழைக்க முடியாது. பக்கத்தில் பேனையும் கொப்பியும் வையுங்கள். வேறெந்தக் குறிப்பையும் தேடாதீர்கள்.

மருதானை: கிரிக்கெட் 07?

ஈஏ நிறுவனத்தின் அந்தப் பழைய கிரிக்கெட் கேமை இத்தனை வருடமாக ஆட்களே அணிகளையும் ஜேர்சிகளையும் புதுப்பித்து உயிரோடு வைத்திருக்கிறார்கள், அந்த அன்புக்கு மரியாதை. அதற்குப் பிறகு ஈஏ நிறுவனம் கிரிக்கெட் கேமே வெளியிடவில்லை என்பதும் காரணம். ஆனால் துடுப்பாட்டத்தில் ஒரே ஷொட்டின் நேரத்தைப் பிடித்துவிட்டால் எந்தப் பந்தும் எல்லைக்குப் போகும். அதோடு யோசனை முடிகிறது.

கிருலப்பனை: டேட்டா குறைவு. இந்த ஏழில எது கட்டுப்படியாகும்?

ஸ்டார்டியூ அரை ஜிபி, செலெஸ்ட் ஒன்றேகால் ஜிபி, ஓப்ரா டின் 2 ஜிபி அளவில். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் மட்டும் 30 ஜிபிக்குக் குறையாது. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால், கேம் வாங்கி இறக்குகிற ஸ்டீம் செயலியின் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய் அப்டேட் நேரத்தை அந்த மணித்தியாலங்களுக்கு மட்டும் பூட்டிவிடுங்கள். பகல் டேட்டா கரைவது பெரும்பாலும் தானாக இறங்குகிற அப்டேட்டால்.

வத்தளை: எனக்கும் ஒரு வரிசை போட ஆசை. எல்லாமே பிடிக்குது, எப்படிப் பிரிக்கிறது?

பத்துத் துண்டில் பத்துப் பெயர் எழுதுங்கள். முதலாவதை மேசையில் வையுங்கள். அடுத்ததை எடுத்து, வரிசையின் நடுவில் இருப்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள்: இன்றிரவு இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் எது? மேலே போனால் மேல் பாதியின் நடு, கீழே போனால் கீழ்ப் பாதியின் நடு. பத்துக்கும் 25 ஒப்பீட்டுக்கு மேல் வராது. பத்தையும் ஒன்றாகப் பார்த்தால்தான் தலை சுற்றும். ஒரு மாதம் கழித்து அதே துண்டுகளை மீண்டும் அடுக்குங்கள். இரண்டு தடவையும் முதல் மூன்றில் நிற்பவை உண்மையானவை.

புறக்கோட்டை: வீட்டில பழைய டிவி கேம் இருக்கு. புது டிவியில மாரியோ பிந்திப் பிந்திக் குதிக்குது, தாரா சுடுற துவக்கு வேலையே செய்யுதில்லை. பழுதா?

இரண்டும் பழுதில்லை, டிவிதான் காரணம். புது டிவி படத்தைச் சீர்படுத்திவிட்டுத்தான் காட்டும், அதற்கு நேரம் எடுக்கும். மாரியோ போன்ற கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி, ஆறு ஃப்ரேம் பிந்தினாலே குழிக்குள் விழுவீர்கள். டிவி மெனுவில் கேம் மோடைப் போடுங்கள், இரைச்சல் நீக்கி, அசைவு மென்மையாக்கி இரண்டையும் நிறுத்துங்கள். 1985இன் அந்த 40 கிலோபைட் கேமை நாலாவதாக வைத்தது குதிப்பின் துல்லியத்துக்காக: பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்களோ அவ்வளவு உயரம். பிந்துகிற டிவியில் அது தெரியவே தெரியாது.

துவக்கு வேறு கதை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக் கறுப்பாகி, அடுத்த கணம் தாரா இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். துவக்குக்குள் இருக்கிற ஒளி உணரி அந்தக் கணத்தில் வெளிச்சம் கண்டால்தான் சூடு பட்டதாகக் கணக்கு. பிக்சர் டியூப் டிவி உடனே காட்டும், புது டிவியில் வெள்ளைச் சதுரம் வருமுன் கேம் பார்த்து முடித்துவிடும். எந்த செட்டிங்காலும் சரிவராது. தெரிந்தவர் வீட்டில் பழைய டியூப் டிவி கிடந்தால் வாங்கி வையுங்கள், 14 அங்குலமே போதும்.