ர-வுக்குக் கால் வேண்டும்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாபேட்டையில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக் காபித்தூள் பைக்காக ஆரம்பித்தது; இப்போது தடித்த, ஒடுக்கமான, கல்லில் வெட்டியது போன்ற தமிழ் எழுத்துருவாக வளர்ந்திருக்கிறது. மாதிரி இணைத்துள்ளேன். வளைவில்லாத எழுத்து தமிழே இல்லை என்கிறார் பெரியவர் ஒருவர். இதை விலைக்குத் தருவதா, இலவசமாக விடுவதா?

ஒரு வாசகர்

தம்பிக்கு,

போன வாரம்தான் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு புதுப் பலகையில் 'வாரச் சந்தை'யை 'வரரச் சந்தை' என்று படித்து எரிச்சலோடு வீடு திரும்பினேன். உங்கள் கடிதம் வந்து நிற்கிறது.

பெரியவரை விடுங்கள். குகைகளில் வெட்டிய தமிழ் பிராமியில் பாதிக்கு மேல் நேர்கோடுதான்.

நீங்கள் இம்பாக்ட் எழுத்துருவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறீர்கள். ஜெஃப்ரி லீ வரைந்தது, 1965-இல் ஷெஃபீல்டு ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகம் உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. சின்ன எழுத்துகளை நன்றாக உயர்த்தி, மேலே நீள்வதையும் கீழே தொங்குவதையும் குட்டையாக்கிவிட்டார். அதனால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். ஆங்கிலம் அதைத் தாங்கும். நமக்குக் 'கீ'-யின் சுழிக்கு மேலே இடம் வேண்டும், 'பு'-வின் கோடு கீழே இறங்க வேண்டும்.

அந்த இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் நீங்கள் ர-வின் காலை வெட்டிவிட்டீர்கள். யாரைக் கேட்டு வெட்டினீர்கள்? 'சேர்வராயன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் 'ரா'-வைப் பாருங்கள். அடியில் அந்தச் சாய்கோடு இல்லாவிட்டால் ர-வும் துணைக்காலும் ஒரே அச்சு. வளைவுள்ள எழுத்தில் தோளைக் கொஞ்சம் மாற்றியாவது சமாளிக்கலாம். உங்களுடையதில் எல்லாமே கட்டை. இரண்டு கதவுநிலை அடுத்தடுத்து நிற்கின்றன, அவ்வளவுதான். 'ர்' பிழைத்துக்கொள்ளும், புள்ளி இருக்கிறது. பழைய அச்சிலேயே 'ர்', 'ரி', 'ரீ' மூன்றும் கால் இல்லாமல் வந்தவைதான். வெறும் 'ர'-வுக்கும் 'ரா'-வுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

செவ்வாய்ப்பேட்டையில் பலகை எழுதும் ஒருவர் இருந்தார். பள்ளி விட்டு வரும் வழியில் நின்று பார்ப்பேன். சுண்ணாம்பு தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார், பட்டைத் தூரிகையால் வரி முழுக்கக் கட்டைகளை நிறுத்துவார். அதுவரைக்கும் எது ர, எது துணைக்கால் என்று எனக்குப் புரியாது. அப்புறம் தூரிகையைத் திருப்பி, அதன் மூலையால் ர-வுக்கு மட்டும் ஒரு இழுப்பு. கோட்டுக்குக் கீழே அரை விரல் இறங்கும். பலகை குட்டையாக இருந்தால் எழுத்தைத்தான் சின்னதாக்குவார், காலைத் தொட மாட்டார்.

நீங்கள் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மூலைகளைச் செதுக்குகிறீர்கள். பை இருப்பது கடை அலமாரியில், பத்தடி தள்ளி. தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, தூர நின்று பாருங்கள். 'சேர்வராயன்' வேண்டாம், அது பழகின பெயர், கண் தானாகப் படித்துவிடும். 'சாரல்', 'காராமணி', 'வராகன்' எழுதிப் பாருங்கள். ம-வும் ய-வும் அருமையாக வந்திருக்கின்றன, அவற்றில் கை வைக்காதீர்கள்.

விலையா? தாராளமாக வையுங்கள். எப்படிக் கொடுத்தாலும் ஃபிளக்ஸ் கடையில் அதை இன்னும் பக்கவாட்டில் நசுக்கத்தான் போகிறார்கள்.