கடைப் பெயரில் வரும் நாய், பூனை உணவு: பையின் பின்பக்கம் சொல்வது என்ன?

பேரங்காடிகளும் இணையக் கடைகளும் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் நாய், பூனை உணவுகளைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, செல்லப் பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவராக என் பதில்கள்.

கேள்வி (மதுரை): வணக்கம் டாக்டர். நாங்கள் மளிகை வாங்கும் கடையிலேயே இப்போது அவர்கள் பெயரில் நாய் உணவு வந்திருக்கிறது. விளம்பரத்தில் வரும் உணவைவிட விலை குறைவு. நம்பி வாங்கலாமா?

பதில்: கடையின் பெயரைப் பார்த்து நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். பெரும்பாலும் கடைக்காரர் தாமே உணவு தயாரிப்பதில்லை. ஏதோ ஓர் ஆலையில் செய்வித்துத் தம் பெயரை அச்சிட்டு விற்கிறார். விளம்பரச் செலவு இல்லாததால் விலை இறங்கியிருக்கலாம், மூலப்பொருள் மட்டமானதாலும் இறங்கியிருக்கலாம். முன்பக்கத்தில் சிரிக்கும் நாய்க்குட்டிப் படத்தைப் பார்த்து எது என்று சொல்லிவிட முடியாது. பையைத் திருப்புங்கள்.

நான் முதலில் தேடுவது, இது முழுமையான, சரிவிகித உணவு என்ற வாசகத்தையும், குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்ற குறிப்பையும்தான். அந்த வாசகம் இல்லையென்றால் அது நொறுக்குத் தீனியாகவோ துணை உணவாகவோ இருக்கும். அதை மட்டுமே போட்டு வளர்க்கக் கூடாது. பல பைகளில் ஏ.ஏ.எஃப்.சி.ஓ. என்று போட்டிருக்கும். அது ஊட்டச்சத்து அளவுகளை வகுத்துத் தரும் அமெரிக்க அமைப்பு. எந்த உணவையும் சோதித்துச் சான்றிதழ் தருவதில்லை. ஆகவே "அந்த அளவுகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டது" என்பது சரியான வாசகம். "அவர்களால் அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால், எழுதியவருக்கே விஷயம் தெரியவில்லை என்று பொருள். அடுத்து, தயாரித்தவரின் பெயரும் முகவரியும். பையிலுள்ள வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, எந்த ஆலையில் தயாராகிறது, கலவையை வகுத்தவர் விலங்கு ஊட்டச்சத்து படித்தவரா என்று கேளுங்கள். நல்ல கடை ஓரிரு நாளில் பதில் சொல்லும். மழுப்பினால் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி (சேலம்): புரதச் சதவீதம் கூடுதலாக உள்ள உணவுதானே தரமானது? பெரிய நிறுவனத்துடையது என்றால் இன்னும் பாதுகாப்புதானே?

பதில்: இரண்டுக்கும் "ஆம்" என்று சொல்ல முடியவில்லை. பையில் கச்சாப் புரதம் என்று போட்டிருப்பது, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து அதிலிருந்து கணக்கிட்ட எண். தோல், இறகு, இறைச்சி எல்லாமே அதில் புரதமாகத்தான் தெரியும். எவ்வளவு செரிக்கும் என்று தெரியாது. இந்த ஓட்டையில் புகுந்ததுதான் 2007ஆம் ஆண்டின் மெலமைன் விவகாரம். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருளைக் கலந்து புரதம் கூடுதலாக இருப்பதுபோல் காட்டியிருந்தார்கள். அதைத் தின்ற நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்துக்கொண்டன. கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் அந்த மார்ச் மாதத்தில் 6 கோடி டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் திரும்பப் பெற நேர்ந்தது. மலிவான கடைப் பெயர்களும் விலை உயர்ந்த பெயர்களும் அங்கே ஒரே நிறுவனத்தின் ஆலைகளிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தன என்பது பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

வளர்ந்த நாய்க்கு, ஈரம் நீக்கிய கணக்கில், குறைந்தபட்சம் 18 சதவீதம் புரதம் வேண்டும்; குட்டிக்கு 22.5. பூனைக்கு 26, பூனைக்குட்டிக்கு 30. இவை அனைத்தும் ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அளவுகள். இந்த வரம்பைத் தாண்டிய பிறகு, கூடுதல் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): ஈர உணவு பாக்கெட்டில் புரதம் 10 சதவீதம்தான் இருக்கிறது. ஏமாற்றா?

பதில்: இல்லை. அந்தப் பாக்கெட்டில் ஈரப்பதம் 78 சதவீதம் என்றால், மீதி 22 பங்கில் 10 பங்கு புரதம். அதாவது ஏறத்தாழ 45 சதவீதம். 10 சதவீத ஈரமுள்ள உலர் உணவில் 26 என்று போட்டிருந்தால் அது சுமார் 29தான்.

கேள்வி (திருநெல்வேலி): வீட்டில் நாயும் பூனையும் இருக்கின்றன. பெரிய பையாக நாய் உணவு வாங்கி இரண்டுக்கும் போடலாமா, டாக்டர்?

பதில்: கூடாது. நாய் தன் உடலிலேயே டாரின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு தயாரிக்க முடியாது. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கிவிடும். கடையில் விற்ற பூனை உணவுகளிலேயே டாரின் போதாமல் பூனைகளுக்கு இதய நோய் வந்ததையும், டாரின் கொடுத்ததும் அவை தேறியதையும் 1987இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்தின. கடைப் பெயரில் நாய் உணவு வாங்குவதில் நான் கொஞ்சம் தாராளம். பூனை உணவில், பின்பக்கத்தில் டாரின் என்ற சொல்லைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

கேள்வி (நியூ ஜெர்சி): இங்கே எல்லாப் பெரிய கடைகளும் சொந்தப் பெயரில் விற்கின்றன. டப்பாவில் "வித் சிக்கன்" என்றும் "சிக்கன் ஃப்ளேவர்" என்றும் இருப்பதில் வேறுபாடு உண்டா?

பதில்: பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பெயரிடுவதற்கே விதி இருக்கிறது. "சிக்கன் டாக் ஃபுட்" என்றால், சேர்த்த நீர் நீங்கலாக 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். "டின்னர்" போன்ற ஒட்டு இருந்தால் 25 போதும். "வித் சிக்கன்" என்றால் 3 சதவீதம். "ஃப்ளேவர்" என்றால் சுவை தெரிந்தால் சரி, குறைந்தபட்ச அளவே கிடையாது.

கேள்வி (திருச்சி): எங்கள் பகுதிக் கடையில் பெரிய பையைப் பிரித்து, கிலோ கணக்கில் எடைபோட்டுத் தருகிறார்கள். மலிவாக இருக்கிறது.

பதில்: அதை மட்டும் வேண்டாம் என்பேன். உலர் உணவின்மேல் கொழுப்பைத் தெளித்திருப்பார்கள். பை திறந்ததிலிருந்து அது காற்று பட்டுக் கெடத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் இன்னும் விரைவாகக் கெடும். நானே ஒருமுறை அவசரத்துக்கு ஒரு கடையில் அப்படி இரண்டு கிலோ வாங்கினேன். வீட்டில் கவரைப் பிரித்ததும், வடை சுட்ட எண்ணெயை ஒரு வாரம் திறந்து வைத்ததுபோல் காறல் வாடை அடித்தது. ஒரு பிடியைச் செய்தித்தாளில் பரப்பியபோது வண்டு ஊர்ந்தது. பிரித்து விற்கும் உணவில் தயாரித்த தேதியும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. நாய்க்கு ஏதாவது ஆனால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? ஒரு மாதத்துக்குள் தீரும் அளவில், முத்திரை உடையாத பையாக வாங்கி, அந்தப் பையோடு சேர்த்தே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): செலவைக் குறைக்கப் பாதிக்குப் பாதி சோறு கலக்கிறோம். தவறா?

பதில்: சோறு நஞ்சில்லை. ஆனால் பாதி சோறானால், பையில் கணக்குப் பார்த்துச் சேர்த்த சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் எல்லாம் நீர்த்துப்போகும். வெளியிலிருந்து சேர்ப்பவை நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். குழம்பு கலந்த சோறு மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

செலவைக் கிலோ விலையில் பார்க்காமல் நாள் கணக்கில் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள ஒரு சிப்பிப்பாறைக்கு நாளொன்றுக்கு 1,050 கிலோ கலோரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 200 ரூபாய் உணவில் 100 கிராமுக்கு 320 கிலோ கலோரி என்றால், தினம் 328 கிராம், சுமார் 66 ரூபாய். கிலோ 240 ரூபாய் உணவில் 400 கிலோ கலோரி என்றால், 263 கிராம், 63 ரூபாய். மலிவானதுதான் அதிகச் செலவு வைக்கிறது. மலமும் கூடுதலாக அள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி (புதுச்சேரி): புதிய உணவுக்கு மாற்றியதும் பூனை இரண்டு நாளாகத் தொடவே இல்லை. பசித்தால் தின்னும் என்று விட்டுவிடலாமா?

பதில்: நாயென்றால் ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். பூனையை அப்படி விடக் கூடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். இன்றே பழைய உணவைக் கொடுங்கள். அதையும் தொடாவிட்டால் நாளைவரை காத்திராமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். தின்னத் தொடங்கிய பிறகு, பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, பத்து நாளில் மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.