ஒரிஜினலைத் தர மறுக்கும் மருத்துவமனை

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிந்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து 7 மாதம் ஆகிறது. முதல் வேலை. சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார்கள். 2 வருட பாண்ட், இடையில் போனால் 1 லட்சம். தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்து வாங்கினார்கள். சம்பளம் 12,000. அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. ‘பணத்தைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போ’ என்கிறார்கள். என்ன செய்வது?
- திண்டுக்கல் வாசகி

பதில்: சான்றிதழ் வேறு, பாண்ட் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் பிரித்துப் பாருங்கள்.

பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு வங்கி போன்ற சிலருக்கே தருகிறது. சான்றிதழ் விற்கிற சரக்கு அல்ல, அதன்மேல் இந்த உரிமை செல்லாது என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தச் சான்றிதழ், என்ன எண், என்றைக்குக் கொடுத்தது, சரிபார்ப்பு என்றைக்கு, எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ஒவ்வொன்றாக. நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், இமெயில். வாய்ப்பேச்சாகக் கேட்டுக் கேட்டே நாளைக் கடத்திவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. கொடுத்த கெடு தாண்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு, நம்பி ஒப்படைத்ததில் செய்யும் நம்பிக்கை மோசடி பற்றியது. ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஒரிஜினல் வரவில்லை என்றாலும் சரிபார்ப்புக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நகல்கள், புகார் ரசீதுடன் போய் அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

இனி பாண்ட். பாண்ட் என்றாலே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வங்கி ஊழியர் வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். உங்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கும் செலவு செய்தார்களா? வந்த முதல் வாரமே வார்டில் நைட் டூட்டி போட்டிருந்தால், பயிற்சி தரவில்லை என்று காட்ட அதைத் தேதியோடு குறித்து வையுங்கள். உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனைகூட நர்சுக்கு 20,000 தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான்; ஆனாலும் 12,000 கொடுத்தவர் 1 லட்சம் கேட்கும்போது எடுத்துச் சொல்ல வேண்டியது.

காசோலை எண்ணையும், அதை வெற்றாக வாங்கியதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். அது வங்கியில் திரும்பி நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் போக வேண்டும்.

பணி ஆணையில் உள்ள நோட்டீஸ் காலத்தைக் கொடுத்து ராஜினாமா செய்யுங்கள். டூட்டி நடுவில் கிளம்பிவிடாதீர்கள். சான்றிதழைத் தரும்போது ‘எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். காசோலையும் கடைசி மாதச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வராமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.