வேக்ஸ் மேல் சீலண்ட் பிடிக்காது

கறுப்பு காருக்கு கார்னோபா வேக்ஸ் (ஒரு வகைப் பனை இலையில் கிடைக்கும் இயற்கை மெழுகு) போட்டு, அதன் மேலேயே சீலண்ட் பூசினேன், பத்தே நாளில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சீலண்ட் மட்டம் என்று நினைக்க வேண்டாம், வரிசைதான் மாறிவிட்டது. சீலண்ட் என்பது பெயிண்டைக் காக்கப் பூசும் செயற்கைப் பாலிமர். அது பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர்கோட்டை நேராகப் பிடிக்க வேண்டும். நடுவில் வேக்ஸ் படலம் இருந்தால் பிடிப்பு கிடைக்காது.

வண்டியை நன்றாகக் கழுவிவிட்டு, கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் அப்போது மணல்தாள் போல நெருடும். ஒட்டிக் கிடக்கும் தூசியும் பிரேக் துகளும்தான் அது. நிறைய ஈரம் வைத்து க்ளே பாரை (அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) அழுத்தாமல் ஓட்டினால் வந்துவிடும். அப்புறம் தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள், மிச்ச வேக்ஸும் போய்விடும்.

சீலண்டை நிழலில், பானட் சூடு ஆறியபின், மெல்லிசாகப் பூசுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை நனையக் கூடாது; பலவற்றுக்கு 12 மணி நேரம் ஆகும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டி என்பதால் சீலண்ட் மட்டுமே போதும் என்பேன். அது சில மாதம் தாங்கும், கார்னோபா சில வாரம்தான். கறுப்புக்கே உரிய அந்த ஆழமான மினுமினுப்பு வேண்டுமென்றால், மறுநாள் அதன் மேல் வேக்ஸ் போடுங்கள்.