வத்தளையில் குடியேறும் முன்

கேள்வி: தொழில் நிமித்தம் கொழும்புக்கு மாறிவரும் நாங்கள் வத்தளையில் வாடகை வீடு தேடுகிறோம். முன்பின் அறியாத அவ்வூரை எவ்வாறு அறிந்துகொள்வது?
– வாசகி ஒருவர், வவுனியா

பதில்: களனி ஆற்றின் வடகரையில் இருக்கும் வத்தளை, கொழும்பின் நீட்சி போலத் தோன்றினாலும் கம்பஹா மாவட்டத்தைச் சேர்ந்தது. புறக்கோட்டையிலிருந்து நீர்கொழும்பு செல்லும் 240ஆம் இலக்க பஸ்ஸில் சென்று இறங்கி, உள்வீதிகளில் நடந்தே பாருங்கள். ஹெக்கித்தை முருகன் கோயில், மாபோளையின் முஸ்லிம் குடியிருப்புகள், கத்தோலிக்கத் தேவாலயங்கள், விகாரைகள் யாவும் அதிகத் தொலைவின்றி அமைந்திருப்பதால், மூன்று மொழிகளும் ஒரே கடையில் ஒலிப்பதைக் கேட்பீர்கள். ஒல்லாந்தர் வெட்டியதென்று பலர் கருதும் ஹமில்டன் கால்வாய், உண்மையில் பிரித்தானியர் 1804இல் முடித்தது. அதன் கரையோரம் மாலையில் நடப்பதற்கு உகந்தது.

ஆயினும் அழகைவிட நிலத்தின் தாழ்வே முக்கியம். வடக்கே முத்துராஜவெல சதுப்புநிலம் பரந்து கிடக்க, தாழ்நிலங்களை நிரப்பி எழுப்பப்பட்ட வீடுகளும் உள்ளமையால், கடும் மழையில் எந்த ஒழுங்கை வரை வெள்ளம் ஏறும் என்பதைத் தரகரிடமன்றி அயலவரிடம் விசாரியுங்கள். களனிப் பாலத்துக் காலை நெரிசலையும், முற்பணம் கொடுப்பதற்கு முன்னர், வேலைநாளொன்றில் நேரில் பயணித்து அறிந்துகொள்ளுங்கள்.